காதுப் பஞ்சு எரித்த பூசை

திண்டிவனத்தில் ரயில் பாதைக்கு மேற்கே, எருக்கஞ்செடி தவிர வேறெதுவும் முளைக்காத களர் மண்ணில் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்பது அடி நீளத்தில் தகரக் கொட்டகை. பாறைக்கு வெடி வைத்துத் தோண்டிய கிணறு. அந்தத் தண்ணீரில் சூடு தணித்துக்கொண்டு ஓடிய கச்சா எண்ணெய் என்ஜின். அதன் சக்கரம் என் நெஞ்சு உயரம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் மிஷின் இரண்டு, நெல் அரைக்கும் மிஷின் ஒன்று. ஐப்பசி அடைமழையிலும் ஒரு மூட்டை நனையாத கிடங்கு. வேலையாட்களுக்கு ஆறு கூரை வீடுகள். இத்தனையும் முப்பதுகளின் நடுவில், ஐந்தே வருஷத்தில்.

கட்டியவன் மூன்றாம் வகுப்போடு நின்றவன். என் அப்பா ஒலக்கூரில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். நான் பன்னிரண்டு வயதில் மூட்டை தூக்க வந்தேன். என்ஜின் புதுச்சேரிப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு மில்லிலிருந்து வந்தது. வழியில் ஓர் ஓடையில் வண்டி அச்சு முறிந்து மூன்று நாள் சேற்றில் கிடந்தது. திண்டிவனத்து வியாபாரிகள் சிலர் வேடிக்கை பார்க்கவே வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். "கூலிக்காரன் மவன் இரும்பை இட்டாந்து ஓடையில நட்டுட்டான், எப்போ காய்க்குமாம்?" என்று ஒருவர் கேட்டார். நான்காம் நாள் எட்டு ஜோடி மாடு பூட்டி இழுத்தேன். அது காய்த்ததை அவரே வந்து பார்த்தார்.

கல்லும் தகரமும் இல்லாமல் இன்னொன்றும் கட்டினேன். அது ஒரு வழக்கம். இந்த ஜில்லாவில் வேறு எந்த மில்லிலும் கிடையாது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தகரத்துக்குக் கீழே மூன்று மிஷின் சேர்ந்து ஓடினால் என்ன சத்தம் வரும் என்று வெளியாள் ஊகிக்க முடியாது. என்ஜின் சத்தம் தடிமனானது, நெஞ்சில் இடிக்கும். மல்லாட்டை மிஷின் சத்தம் மெல்லியது. இரும்புச் சல்லடையில் ஓடு உரசி உடையும்போது வரும் கீச்சல், பல்லைக் கூச வைக்கும். தகரம் அதை வெளியே விடாமல் திருப்பித் திருப்பி அடிக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவன் முதல் நாளே காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான். மறுநாள் மெத்தைப் பஞ்சை எண்ணெயில் தோய்த்துக் காதில் திணித்துக்கொண்டு வருவான். பழைய ஆட்கள் அவனைச் சும்மா விடமாட்டார்கள்.

"டேய், பஞ்சுக் காதா, மாமியார் ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாரி நிக்கிறியே, ஜல்தி மூட்டையைப் புடி."

ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் போனால் அவனுக்கே சத்தம் குறைந்தது போலத் தெரியும். "இப்பல்லாம் அவ்ளோ இல்லீங்க" என்பான். அவன் காது பழுத்துவிட்டது என்போம். பழுத்த காதுக்கு ஒரு மரியாதை வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆயுத பூசையன்று என்ஜினுக்குப் பொட்டு வைத்து, பூசணி உடைத்து, பொரி கடலை படைத்த பிறகு, அந்த வருஷம் காது பழுத்தவர்களை முன்னால் கூப்பிடுவேன். அவர்கள் பஞ்சை உருவிக் கற்பூரத் தட்டில் போடுவார்கள். எண்ணெய்ப் பஞ்சு படபடவென்று எரியும். நான் என் கையாலேயே இரண்டு காதிலும் சந்தனம் தடவி, புது வேட்டி கொடுப்பேன். அன்றிலிருந்து அவன் மில்லின் சொந்த ஆள். அதற்கப்புறம் பஞ்சு வைத்தால் கேவலம். சில பேர் பஞ்சு எரிக்க வேண்டும் என்பதற்காகவே சீக்கிரம் பழுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அதையும் நான் பெருமையாகவே நினைத்தேன்.

முதன்முதலில் பஞ்சு எரித்தவன் என் மச்சான். என் மனைவிக்கு நேர் இளையவன். காணையில் கரும்பு ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவனை என்ஜின் ஓட்ட நான்தான் அழைத்து வந்தேன். அந்தக் காதைப் போல ஒரு காதை நான் கண்டதில்லை. தூரத்தில் ரயில் வரும்போதே மெயிலா, சரக்கு வண்டியா என்று சொல்லுவான். கட்டிலில் படுத்தபடி, "மாமா, ரெண்டாம் மிஷின்ல எண்ணெய் வத்திப் போச்சு, போய்ப் பாருங்க" என்பான். போய்ப் பார்த்தால் வற்றியிருக்கும். மற்றவர்கள் கையால் என்ஜின் ஓட்டினார்கள், அவன் காதால் ஓட்டினான்.

ஏழெட்டு வருஷம் கழித்து, யுத்த காலத்தில், அவன் ஒரு தேக்குக் குச்சி வைத்துக்கொள்ள ஆரம்பித்தான். ஒரு முனையை என்ஜின் மேல் ஊன்றி மறு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பான். "இன்னாடா இது, கரும்பு திங்கிறியா?" என்று கேட்டேன். "இதுல நல்லா தெரியுது மாமா" என்றான். புதுத் தந்திரம் கண்டுபிடித்திருக்கிறான் என்று வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினேன்.

இன்னொன்றும் இருந்தது. மிஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனாலும் அது ஓடிக்கொண்டே இருப்பதாக ஆட்கள் சொன்னார்கள். சோறு தின்னும்போது, குளத்தில் முங்கும்போது, காதுக்குள் கீய்யென்று ஓடுகிறது என்றார்கள். எனக்கும் ஓடியது. நான்தான் அதற்கும் ஒரு பெயர் வைத்தேன். "என்ஜின் ஆத்தா நம்மள உட்டுப் பிரியாம ஊடு வரைக்கும் வர்றா, அது பாக்கியம்டா" என்றேன். அவர்கள் நம்பினார்கள். காலையில் ஒருவரையொருவர் பார்த்தால், "ராத்திரி வந்தாளா?" "வந்தா, வந்தா" என்று சிரித்துக்கொள்வார்கள். வேலை இல்லாத ஒரு நாளில் மச்சான் கொட்டகைக்குள் தனியாகப் போய், நின்று கிடந்த சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றதை நான் பார்த்தேன். சக்கரம் சில்லென்று இருந்திருக்கும். கையை எடுத்துப் பார்த்தான், மறுபடி வைத்தான். பக்தி என்று எண்ணிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவனுக்கு ஒரே பெண் குழந்தை. தவம் கிடந்து பெற்றது. அந்தக் குழந்தைக்கு மூன்று வயது முடிந்து நாலு ஓடிக்கொண்டிருந்தபோது அவன் என்னிடம் வந்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்பவன் போல, ஆனால் கூவியபடியே சொன்னான்: "மாமா, கொழந்தைக்குக் குரலே இல்ல. வாய் மட்டும் ஆடுது. ஊமையாப் பூடுமோன்னு பயமா இருக்குது."

நான் குழந்தையைக் கூப்பிட்டு மடியில் வைத்துப் பேசச் சொன்னேன். வாய் ஆடியது. ஏதோ காற்று போல வந்தது. குரலில் சத்து இல்லை என்று எனக்கும் பட்டது. கணக்குப் பிள்ளையைக் கூப்பிட்டேன், அவரும் பதினைந்து வருஷ மில் ஆள், அவரும் ஆமாம் என்றார். மூட்டை தைக்கிறவரும் பார்த்துவிட்டு, "தொண்டை தெறக்கலீங்க" என்றார். நாலு ஆண்பிள்ளைகள் கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டோம்.

குழந்தையின் தாய் சமையற்கட்டிலிருந்து வந்தாள். என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவள், எதிர்த்துப் பேசாதவள். "அண்ணா, அவ காலையிலேர்ந்து என் உசுர வாங்கறா, ஒரு நிமிசம் வாய் மூடறதில்ல. அவளுக்கா குரல் இல்ல?" என்றாள்.

என் மனைவியும் அதையே சொன்னாள். "உங்களுக்கெல்லாம் இன்னா ஆச்சு? அவ கத்தறதுல காக்கா உக்கார மாட்டேங்குது."

பெற்றவளுக்குக் குறையை ஒத்துக்கொள்ள மனசு வராது, அதனால் மூடி மறைக்கிறாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். வசம்பு சுட்டு நாக்கில் தடவினோம். தேன் கொடுத்தோம். கோயிலில் மணி வாங்கிக் கட்டுவதாக வேண்டிக்கொண்டோம். மச்சான் சாப்பாட்டைக் குறைத்துவிட்டான். குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒருதரம் அது "அப்பா" என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றான்.

விழுப்புரத்தில் ரயிலடிக்குப் பக்கத்துத் தெருவில், பட்டணத்து ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை பார்த்து ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர் இருந்தார். மச்சானும் நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பகல் பாசஞ்சரில் போனோம். பெண்களை அழைத்துப் போகவில்லை. அவர்கள் வந்து ஏதாவது குழப்புவார்கள் என்று நினைத்தோம்.

டாக்டர் ஒல்லியான மனிதர். குழந்தையை மேஜைமேல் உட்கார வைத்து, தொண்டையைப் பார்த்துவிட்டு, "உம் பேரு இன்னாம்மா?" என்றார். குழந்தை வாயாட்டியது. டாக்டர் சிரித்தார். "ரயில்ல வந்தியா? இன்னா பாத்தே?" மறுபடி வாய் ஆடியது, கை நீட்டியது, நெடுநேரம் ஆடியது. டாக்டர், "அப்படியா, ஆட்டுக்குட்டி டிக்கெட்டு வாங்கலையா?" என்று கேட்டுவிட்டுக் கம்பவுண்டரைப் பார்த்தார். கம்பவுண்டரும் சிரித்தார். அந்த அறையில் நானும் மச்சானும் மட்டும்தான் சிரிக்காமல் நின்றோம்.

டாக்டர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. பக்கத்தில் வந்து, வாயைப் பெரிதாகத் திறந்து, தடித்த குரலில் சொன்னார்: "கொழந்த நல்லா பேசுது. கிளி மாதிரி பேசுது. அத எறக்கி வுட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் இப்படி உக்காருங்க."

கேள்வி கேட்டார். சின்ன வயதில் காதில் சீழ் வந்ததா, விஷக் காய்ச்சல் வந்ததா, மலேரியாவுக்குக் கொய்னா மாத்திரை வெகுநாள் தின்றீர்களா, யாராவது காதில் அறைந்ததுண்டா, வீட்டில் வேறு யாருக்காவது செவிடு உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றோம். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கு அடைப்பும் இல்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மச்சானின் காதில் ஒட்டி வைத்தார். "ஓடுதா?" அவன் இல்லை என்று தலையாட்டினான். என் காதில் வைத்தார். நான் ஓடுகிறது என்று சொன்னேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எதற்காக அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை தெரியவில்லை.

பிறகு இரண்டு கவை உள்ள இரும்புக் கம்பி ஒன்றை எடுத்தார். முழங்காலில் தட்டினால் அது நடுங்கி ரீங்காரம் போடும். மச்சானிடம் கம்பியைக் காட்டிச் சொன்னார்: "இத உன் காதுக்கு முன்னால வெப்பேன், அப்புறம் காதுக்குப் பின்னால எலும்பு மேல வெப்பேன். எது அதிகமாக் கேக்குதுன்னு சொல்லு. எலும்புல அதிகம்னா வர்ற வழியிலதான் ஏதோ கோளாறு, சரி பண்ணப் பாக்கலாம். முன்னால அதிகம்னா உள்ள போயிடுச்சின்னு அர்த்தம்."

அவர் அதை முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாது. மச்சான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்து ஒரு சொல் விடாமல் பிடித்துக்கொண்டான். முன்னால் வைத்தார், பின்னால் வைத்தார். "பின்னாலதாங்க" என்றான். மறு காதிலும் "பின்னாலதாங்க".  டாக்டர் கம்பியைத் தட்டுவது போலத் தட்டி, நடுக்கத்தை விரலால் நிறுத்திவிட்டு, செத்த கம்பியை எலும்பின் மேல் வைத்தார். நான் பார்த்தேன். "இப்போ?"

"கேக்குதுங்க" என்றான். "நல்லா கேக்குது. கீய்னு ஓடிக்கினே இருக்குது."

அவன் பொய் சொன்னான் என்று டாக்டர் நினைத்திருக்கலாம். அது பொய்யல்ல, என்ஜின் சத்தம் என்று எனக்குத் தெரியும். திண்டிவனத்திலிருந்து ரயிலேறி அது எங்களோடு வந்து, அந்த அறையில் உட்கார்ந்திருந்தது.

டாக்டர் எனக்கு எடுத்துச் சொன்ன விதத்தை நான் மறக்கவில்லை. படித்தவர்கள் புத்தகத்தில் படிப்பதை நான் இரண்டு காதாலும் அரைகுறையாகக் கேட்டு முழுசாகப் புரிந்துகொண்டவன். காதுத் துளை முடிகிற இடத்தில் மேளத் தோல் போல ஒரு சவ்வு. சத்தம் என்பது காற்றின் நடுக்கம், அது வந்து தோலை நடுங்க வைக்கும். தோலுக்குப் பின்னால் அரிசி அளவில், அதற்கும் சிறிதாக, மூன்று எலும்புகள் ஒன்றையொன்று தள்ளி, அந்த நடுக்கத்தை உள்ளே கொடுக்கும். உள்ளே வயல் நத்தைக் கூடு போலச் சுருண்ட ஓர் அறை. அதில் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

"நாத்தங்கால் பாத்திருக்கியா?" என்றார் டாக்டர்.

"நாத்தங்கால்ல பொறந்தவங்க நான்."

"அப்போ உனக்குச் சொல்லலாம். காத்தடிச்சா நாத்து சாயும், அப்புறம் நிமிரும். அது சாயறப்ப நரம்பு வழியா மூளைக்குச் சேதி போவுது. அதான் கேக்கறது. பெருங்காத்து அடிச்சா படுத்துக்கும், ஓய்வு கெடச்சா எழுந்துக்கும். தெனம் பத்து மணி நேரம் புயல் அடிச்சா?"

"அழுகிப் பூடும்."

"மறுபடி நடலாம், வயல்ல. இங்க நட முடியாது. பொறக்கறப்ப போட்ட நாத்துதான்."

மடை வாயில் நிற்கிற நாற்றுதான் மெல்லிய சத்தத்துக்கானது, கடைசி மூலையில் நிற்பது தடித்த சத்தத்துக்கானது என்றார். வெள்ளம் எல்லாம் மடை வாயைத் தாண்டித்தான் போக வேண்டும், அதனால் அதுதான் முதலில் சாகும். குருவி, வளையல், கடிகாரம், குழந்தையின் குரல், எல்லாம் மடை வாய். என்ஜின் கடைசி மூலை. ஆகையால் என்ஜின் கேட்கும், மகள் கேட்காது. பேச்சிலும் மெல்லிய எழுத்துகள் உதிர்ந்துபோகும். கேட்கிற மாதிரி இருக்கும், புரியாது, ஊரில் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று தோன்றும். இல்லாத சத்தம் ஒன்று காதில் ஓடினால், அது அந்த நாற்று பட்ட பாட்டின் அடையாளம் என்றார்.

"சத்தத்துல வேலை செய்யறவங்க காதுல எதாச்சும் அடைச்சிக்கறதில்லையா?" என்று கேட்டார்.

 மச்சான் அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு, கொஞ்சம் பெருமையாகவே, "புதுசுல பஞ்சு வெப்பாங்க. பழுத்தப்புறம் எரிச்சிடுவோம். மொதல்ல எரிச்சவன் நான்தான்" என்றான்.

"பழுத்தப்புறம்னா?"

"சத்தம் கொறஞ்சப்புறம்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சத்தம் கொறையல. காது கொறஞ்சிது. அத எரிக்கச் சொன்னது யாரு?"

நான்தான் என்று சொன்னேன். கேட்காதவர் போல அவர் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

மச்சான் என்னை ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டான்: "திரும்ப வருங்களா?" டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். மச்சான் குழந்தையைத் தூக்கித் தன் தாடையோடு அதன் வாயைச் சேர்த்து வைத்துக்கொண்டான், தேக்குக் குச்சியை வைத்துக்கொள்வது போல. அது பேசியது. அதன் உதடு அவன் தாடையில் அசைவதை நான் பார்த்தேன். திண்டிவனம் வரும் வரை ரயிலில் அப்படியே வந்தான். எனக்கும் அந்த வண்டியில் அது என்ன பேசியது என்று தெரியாது.

மறுநாளே மிஷினை நிறுத்தி எல்லாரையும் கூப்பிட்டேன். தேன் மெழுகை உருக்கிப் பஞ்சோடு பிசைந்து, டாக்டர் சொன்னபடி, ஆளுக்கு இரண்டு உருண்டை என் கையால் கொடுத்தேன். பழைய ஆட்கள் வாங்க மறுத்தார்கள். "எரிச்சத மறுபடி வெக்கச் சொல்றீங்களே, ஆத்தா கோச்சிக்க மாட்டாளா?" என்று மூட்டை தைக்கிறவர் கேட்டார். ஆத்தா இல்லை, அப்படி ஒருத்தி கிடையாது, நான் சொன்ன பேச்சு அது என்றேன். அவர் சிரித்தார். "நேத்துகூட வந்தாளே" என்றார். நான் கட்டிய வழக்கத்தை நானே இடிக்க முடியவில்லை. மெழுகுப் பஞ்சு இல்லாதவனுக்கு வேலை இல்லை என்று சொன்ன பிறகுதான் வாங்கினார்கள். மெழுகுப் பஞ்சும் இந்த வட்டாரத்தில் முதலில் வந்தது என் மில்லில்தான்.

அந்தக் குழந்தை கெட்டிக்காரி. அப்பனுக்கு எந்தக் குரல் எட்டும் என்று அதுவே கண்டுபிடித்துக்கொண்டது. முகத்துக்கு நேரே நின்று, அடித்தொண்டையில், நிறுத்தி நிறுத்திப் பேசப் பழகியது. ஆறு வயதில் கிழவன் குரலில் "அப்பா" என்று கூப்பிடும். அவன் திரும்புவான். வெளியார் கேட்டால் திடுக்கிடுவார்கள். அவள் வளர்ந்து, விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளை பெற்ற பிறகும் தாலாட்டைக்கூட அந்தக் குரலில்தான் பாடுகிறாள் என்று என் மனைவி சொன்னாள். அவளுடைய சொந்தக் குரல் எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். நானும் அதைக் கேட்டவனில்லை.

மச்சான் கடைசியாகப் படுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மில் அன்று விடுமுறை. "என்ஜினை நிறுத்துங்க மாமா, பேஜாரா இருக்குது" என்றான். நிற்கிறது என்று கையால் காட்டினேன். நம்பவில்லை. எழுந்து, கொட்டகைக்குப் போய், திரும்பி வந்து, "நிறுத்திட்டேன்" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தபடி கவனித்தான். "இல்ல மாமா, ஓடுது" என்றான். அவன் காதில் ஓடியது அவனோடு போய்விட்டது. என் காதில் ஓடுவது இதை எழுதும்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது என் பிள்ளைகள் மில் வாசலில் கருங்கல் பலகை பதிக்கப் போகிறார்களாம். எழுதிக் கொண்டுவந்து காட்டினார்கள். மேலே, களர் மண்ணில் தனியாளாக இதை நிறுவியவர் என்று நான். கீழே, செவிக் குறை இருந்தும் கடைசி வரை என்ஜினைக் காத்தவர் என்று அவன். அவனுக்கு அந்தக் குறை பிறவியிலே வந்தது போலவும், கடவுள் கொடுத்தது போலவும் எழுதியிருக்கிறார்கள். கல்தச்சனை நான் திருப்பி அனுப்பிவிட்டேன்.

கொட்டகை என்னுடையது, கிணறு என்னுடையது, ஓடையிலிருந்து இழுத்த என்ஜின் என்னுடையது. அதையெல்லாம் ஒரு எழுத்துக் குறையாமல் வெட்டுங்கள். அவன் பெயருக்குப் பக்கத்தில், அந்தக் காதைக் கெடுத்ததும் நான்தான் என்று அதே அளவு எழுத்தில் வெட்டுங்கள். பஞ்சு எரித்த மற்றவர்களின் பெயரையும் வரிசையாகப் போட்டு, அதற்கும் என்னையே சொல்லுங்கள். நான் செய்த வேலையில் பாதியை எடுத்து விதியின் பேரில் எழுத நான் விடமாட்டேன்.